அந்தக் குளத்தைத் தாண்டி அடிக்கலாமா?

பெங்களூரு இந்திராநகரிலிருந்து கோல்ஃப் ஆடும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என் ஹேண்டிகேப் 18, அதாவது குழிக்கு ஓர் அடி சலுகை. சென்னையில் ஆடிப் பழகியவன். வேலை மாற்றலில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்தேன். நாங்கள் ஆடும் மைதானத்தில் 460 யார்டு நீளமுள்ள ஒரு பார் 5, அதாவது ஐந்து அடியில் முடிக்க வேண்டிய குழி, இருக்கிறது. டிரைவர் (முதல் அடிக்கான நீண்ட மட்டை) நன்றாக விழுந்தால் கிரீனுக்கு (குழியும் கொடியும் உள்ள புல்தரைக்கு) 215 யார்டு மிஞ்சும். ஆனால் பந்து கிடக்கும் இடத்திலிருந்து 160 யார்டில் ஒரு குளம் தொடங்கி 195 யார்டில்தான் முடிகிறது. அடுத்த நீள மட்டையான என் 3-வுட் சுத்தமாகப் பட்டால் 205 யார்டு பறக்கும். சனிக்கிழமை ஃபோர்பாலில் (இருவர் இருவராக அணி சேர்ந்து ஆடுவது) குளத்துக்கு முன்னால் நிறுத்தினால் நண்பர்கள் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள். போன மாத மெடல் போட்டியில் (மொத்த அடிகளை எண்ணுவது) துணிந்து அடித்து 8 எடுத்தேன். இப்படிப்பட்ட இடங்களில் பாதுகாப்பாக ஆடுவதா, துணிவதா?"

மெடல் நாளில் நிறுத்துங்கள். சனிக்கிழமையில் என்ன செய்வது என்பது உங்கள் கூட்டாளியின் பந்து எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆனால் நிறுத்துவதால் உங்களுக்குக் கிடைக்கும் லாபம் நீங்கள் நினைப்பதைவிட மிகச் சிறியது என்பதையும், அது ஏன் சிறியது என்பதையும் புரிந்துகொண்டால்தான் இந்த விடை உங்களுக்கு மற்ற குழிகளிலும் உதவும். பயம், துணிச்சல் ஆகிய சொற்களை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். அவை ஆட்டம் முடிந்து காபி குடிக்கும்போது பேசிக்கொள்ளத்தான் லாயக்கு.

முதலில் அந்த 205 யார்டு. அது உங்கள் 3-வுட் போகும் தூரமன்று. உங்கள் 3-வுட் என்றோ ஒருநாள் மிக நன்றாகப் போன தூரம். பயிற்சித் திடலான ரேஞ்சில் விரிப்பின் மேல் வைத்து அடிக்கும்போது, பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் பட்டாலும் கிளப் (மட்டை) வழுக்கிச் சென்று பந்தை ஓரளவு தூக்கிவிடும். புல்தரையில் அதே அடி மண்ணைக் கிளப்பிவிட்டு அறுபது யார்டில் நின்றுவிடும். ஆகவே கணக்கை ரேஞ்சில் எடுக்காதீர்கள். மைதானத்தில் இனி அடிக்கப்போகும் பத்து 3-வுட் அடிகளையும், நன்றாக வந்தவை, வராதவை என்று தள்ளாமல், ஸ்கோர் அட்டையின் பின்புறம் குறித்து வையுங்கள்.

பதினெட்டு ஹேண்டிகேப்காரர் ஒருவருடைய பத்துப் பந்துகள் எப்படிப் போகக்கூடும் என்பதற்கு ஓர் உத்தேசக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மூன்று பந்துகள் குளத்தைத் தாண்டுகின்றன. அவற்றில் ஒன்று 4, இரண்டு 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பந்துகள் தண்ணீரில் விழுகின்றன. தண்டனை அடியோடு சேர்த்து அவை ஒரு 6, இரண்டு 7, ஒரு 8 ஆக முடிகின்றன. மீதி மூன்று சரியாகப் படாமல், தண்ணீரையும் எட்டாமல், எங்கோ தரையில் கிடந்து ஆளுக்கு 6 கொடுக்கின்றன. கூட்டினால் 60, சராசரி 6. இப்போது அதே இடத்திலிருந்து இடைத்தூர மட்டையான 7-அயர்னால் 140 யார்டு அடித்து நிறுத்துகிறீர்கள். மூன்றாவது அடிக்கு 75 யார்டு மிஞ்சுகிறது. பத்தில் ஐந்து முறை குறுந்தூர மட்டையான வெட்ஜால் அடித்த பந்து கிரீனில் விழுந்து 5 ஆகிறது; மூன்று முறை கிரீனைத் தவறவிட்டு 6; ஒருமுறை அந்த 7-அயர்னே கோணலாகப் போய் 7; ஒருமுறை வெட்ஜ் தண்ணீரில் விழுந்து 8. கூட்டினால் 58, சராசரி 5.8.

வித்தியாசம் வெறும் 0.2 அடி. இவ்வளவு கேலியையும் வாங்கிக்கொண்டு கால் அடிகூட மிச்சமாகவில்லை. காரணம் என்னவென்றால், நிறுத்தி ஆடினாலும் குளம் எங்கும் போய்விடவில்லை. அதை மூன்றாவது அடியில் தாண்டியே ஆக வேண்டும். அந்த வெட்ஜ் பத்தில் ஐந்துக்குப் பதிலாக ஏழு முறை கிரீனில் விழுந்து, மற்ற மூன்றும் 6-இல் முடிந்தால், சராசரி 5.3-க்கு இறங்கிவிடும். அதாவது, பாதுகாப்பான அடி என்பது தானாக எதையும் சம்பாதித்துத் தருவதில்லை. அடுத்த அடியை நீங்கள் எவ்வளவு நன்றாக அடிப்பீர்களோ அவ்வளவுதான் அதன் மதிப்பு. 2007 மாஸ்டர்ஸ் போட்டியில் ஸாக் ஜான்சன் நான்கு நாட்களிலும் வந்த பதினாறு பார் 5 வாய்ப்புகளிலும் இரண்டாவது அடியில் கிரீனுக்குக் குறி வைக்காமல் நிறுத்தியே ஆடி, அவற்றில் மட்டும் 11 பேர்டி (பாரைவிட ஓர் அடி குறைவு) எடுத்துப் பட்டத்தையும் வென்றார். இதைப் பொறுமைக்குக் கிடைத்த பரிசு என்று எடுத்துக்காட்டுபவர்கள், அவருடைய வெட்ஜ் எப்படிப்பட்டது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். உங்களுக்கு என் முதல் பரிந்துரை, ரேஞ்சில் டிரைவருக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை எழுபத்தைந்து யார்டு வெட்ஜுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே.

நிறுத்துவதென்று முடிவு செய்தபின் எந்தக் கிளப்பால் நிறுத்துவது என்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. குளம் 160-இல் தொடங்குகிறது, என் 6-அயர்ன் 150 போகும், ஆகவே 6-அயர்ன் என்று கணக்குப் போடுவார்கள். பாதுகாப்புக்காக அடிக்கும்போது உடம்பு தளர்ந்திருப்பதால், அன்றைய மிகச் சிறந்த அடி அப்போதுதான் வந்து சேரும். அது உருண்டுபோய்த் தண்ணீரில் இறங்கும். துணிந்து அடித்துத் தண்ணீரில் விடுவதற்காவது ஒரு நியாயம் இருக்கிறது. நிறுத்துவதற்காக அடித்துத் தண்ணீரில் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. எனவே தண்ணீரைத் தாண்ட நினைக்கும்போது உங்கள் சுமாரான அடியை வைத்தும், தண்ணீருக்கு முன்னால் நிறுத்த நினைக்கும்போது உங்கள் மிகச் சிறந்த அடியை வைத்தும் கிளப்பைத் தேர்ந்தெடுங்கள். சென்னையிலிருந்து வந்தவர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; காற்று சற்று மெலிந்திருப்பதால், அங்கே 140 யார்டு பறந்த அடி இங்கே நான்கைந்து யார்டு கூடுதலாகவே பறக்கும். மார்ச், ஏப்ரலில் தரை இறுகிக் கிடக்கும்போது அதற்கு மேல் உருளவும் செய்யும். அக்டோபர் மழையில் விழுந்த இடத்திலேயே புதைந்து நிற்கும். பழைய சென்னைத் தூரங்களை இன்னும் மனத்தில் வைத்திருந்தால் அழித்துவிடுங்கள்.

இவ்வளவு கணக்கும் பந்து சமதரையில், நல்ல புல்லின் மேல் கிடக்கும்போதுதான் செல்லும். சில ஆண்டுகளுக்கு முன் இந்நகரின் மைதானம் ஒன்றில் இதே போன்றதொரு குளத்துக்கு முன் நின்று, நான் 3-வுட்டுக்காகக் கையை நீட்டினேன். கூட வந்த, கிளப் பை சுமக்கும் கேடி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் இங்கே வந்து குடியேறிய குடும்பத்துப் பெரியவர், அதன் உறையைக் கழற்றவேயில்லை. பந்துக்கு அருகே குனிந்து, புல்லைத் தொடாமல், "பந்து உங்க காலுக்குக் கீழே இருக்கு சார், வலது பக்கம்தான் ஓடும்" என்றார். நான் தூரத்தையும் தண்ணீரையும் கொடியையும் பார்த்திருந்தேனே தவிர, என் காலடியில் இருந்த இரண்டு அங்குலச் சரிவைப் பார்த்திருக்கவில்லை. கேட்காமல் அடித்தேன், பந்து அவர் சொன்ன பக்கமே வளைந்து தண்ணீருக்குள் போனது. சரிவிலோ ரஃபிலோ (ஓரத்து நீண்ட புல்லிலோ) கிடக்கும் பந்தை வைத்து மேலே போட்ட கணக்கைத் திரும்பப் போட்டால், தாண்டுவது ஒன்றாகவும் தண்ணீரில் விழுவது ஆறாகவும் மாறிச் சராசரி 6.5-ஐத் தொடும். அப்போது விவாதத்துக்கே இடமில்லை.

நீங்கள் கேட்காவிட்டாலும் கொடியைப் பற்றி ஒரு சொல். கொடி வலது ஓரத்தில், தண்ணீரை ஒட்டி நடப்பட்டிருக்கும் நாளில் நேராக அதற்கே குறி வைப்பவர்கள், வெற்றி பெற்றால் என்ன கிடைக்கும் என்று யோசிப்பதில்லை. எட்டடித் தூரத்துப் புட்டை (கிரீனில் குழிக்குள் உருட்டும் அடியை) உலகின் முதல்தரத் தொழில்முறை ஆட்டக்காரர்களே ஏறக்குறைய பாதி முறைதான் போடுகிறார்கள். ஆகவே அற்புதமாக அடித்துக் கொடிக்கு எட்டடியில் நிறுத்தினாலும் உங்கள் வரவு ஸ்கோரில் அரை அடிக்கும் குறைவு. பத்து யார்டு வலப்புறம் தவறினால் செலவு ஓர் அடிக்கும் மேல். கிரீனின் நடுவுக்குக் குறி வையுங்கள்.

இதெல்லாம் எப்போதும் ஒதுங்கி ஆடுங்கள் என்று சொல்வதாகப் படக்கூடும். உண்மையில் உங்களைப் போன்றவர்கள் ஒதுங்க வேண்டாத இடத்தில்தான் அதிகம் ஒதுங்குகிறார்கள். இருபுறமும் அகலமாகத் திறந்து கிடக்கும் ஃபேர்வேயில் (கிரீன் வரை செல்லும் புல்வெளிப் பாதையில்), போன குழியில் டிரைவர் கோணிப்போனது என்பதற்காக 5-அயர்னை எடுப்பவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். தவறினாலும் ரஃபில்தான் விழும் என்றால் டிரைவரையே அடியுங்கள். கிரீனுக்கு நாற்பது யார்டு நெருங்குவது பெரிய வரவு. எல்லைச் சுவர் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். சிவப்புக் குச்சி நட்ட நீர்நிலையில் விழுந்தால் ஓர் அடிதான் தண்டனை, அருகிலேயே பந்தைக் கையால் விட்டு (டிராப் செய்து) மேலே போகலாம். மைதான எல்லையைக் குறிக்கும் வெள்ளைக் குச்சிக்கு வெளியே போனால் அடியும் போய், தூரமும் போய், மீண்டும் குழி தொடங்கும் இடமான டீயிலிருந்தே மூன்றாவது அடியாகத் தொடங்க வேண்டும். இடதுபுறம் ஏரி, வலதுபுறம் சுவர் என்றால், சந்தேகமில்லாமல் ஏரிப் பக்கம் சாய்ந்து குறி வைப்பேன். டெல்லி கோல்ஃப் கிளப்பின் லோதி மைதானத்தில் இரண்டு பக்கமும் புதர். 2025 அக்டோபரில் அங்கே ஆட வந்த ரோரி மெக்கில்ராய், அந்த வாரம் டிரைவரையே தொடப்போவதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அவரைவிட நீளமாக அடிப்பவர்கள் மிகச் சிலர். அவருக்கு அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் தோன்றியதாகத் தெரியவில்லை.

இனி உங்கள் சனிக்கிழமை நண்பர்கள். இருவரில் நல்ல ஸ்கோர் மட்டும் எடுத்துக்கொள்ளப்படும் ஃபோர்பாலில், கூட்டாளியின் பந்து குளத்துக்கு முன்னால் பத்திரமாகக் கிடந்தால், நீங்களும் நிறுத்துவது வீண்தான். உங்கள் 8 யாருக்கும் கணக்கில்லை, உங்கள் 4 குழியை வென்று கொடுக்கும். அங்கே அவர்கள் கேலி செய்வதில் நியாயம் இருக்கிறது. கூட்டாளி ஏற்கெனவே தண்ணீரில் விட்டிருந்தால் நீங்கள்தான் நிறுத்த வேண்டும், அவர் என்ன சொன்னாலும். குழிக்குக் குழி புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்டில் துணியலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்தக் குழியில் ஓர் அடி சலுகை பெறும் உங்களுக்கு 8 எடுத்தாலும் 10 எடுத்தாலும் பூஜ்யம்தான் என்பதால், பெரிய விபத்து நேரக்கூடிய இடங்களில் அது உண்மை. மேலே நாம் போட்ட கணக்கில் 8-க்கு மேல் எதுவும் இல்லாததால், இங்கே அது எதையும் மாற்றாது.

கடைசியாக அந்த 8. 1999-இல் கார்னூஸ்டியில் நடந்த ஓபன் போட்டியின் கடைசிக் குழிக்கு வந்தபோது ழான் வான் டி வெல்டு மூன்று அடி முன்னிலையில் இருந்தார். 6 எடுத்தாலே பட்டம். டிரைவரை எடுத்ததுதான் அவர் செய்த தவறு என்பார்கள். அந்த டிரைவர் கோணலாகப் போனாலும் பத்திரமான இடத்தில்தான் கிடந்தது. அங்கிருந்து சிறிய அயர்னால் ஓடைக்கு முன் நிறுத்தாமல் 2-அயர்னை எடுத்தார். அது பார்வையாளர் மேடையில் பட்டுத் திரும்பி அடர்ந்த புல்லில் விழுந்தது. அந்தப் புல்லிலிருந்தும் ஓடையைத் தாண்டப் பார்த்து ஓடைக்குள்ளேயே விட்டார். 7-இல் முடிந்து, பிளேஆஃபில் பால் லாரியிடம் தோற்றார். முதல் முடிவு தவறிய பிறகு இரண்டாவதையும் மூன்றாவதையும் புதிதாக யோசித்து எடுக்க அவருக்கு வாய்ப்பு இருந்தது.

நீங்கள் தண்ணீரில் விட்டபின் எங்கே டிராப் செய்தீர்கள் என்று எழுதவில்லை. பெரும்பாலோர் கோபத்தில் கரையோரமாகவே போட்டுவிட்டு அவசரமாக அடிப்பார்கள். உங்கள் குழியில் அது 55 யார்டு, தண்ணீரை நோக்கிச் சரியும் தரை, அரை வீச்சு. கொடியையும் பந்து கடைசியாகக் குளத்தின் எல்லையைக் கடந்த இடத்தையும் இணைக்கும் கோட்டில், அதே ஓர் அடித் தண்டனையில், நீங்கள் விரும்பிய அளவு பின்னால் போகலாம் என்று விதி அனுமதிக்கிறது. குச்சி மஞ்சளானாலும் சிவப்பானாலும் இந்த உரிமை உண்டு. இருபது யார்டு பின்னால் நடந்து, சமமான புல்தரையில் போடுங்கள். அங்கிருந்து கிரீனுக்கு 75 யார்டு இருக்கும்.