வாகனப் பகுதி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 1991ஆம் ஆண்டின் மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். ஓட்டத்தில் குறையில்லை, ஆனால் பிரேக்கை மிதித்தால் மிதி பஞ்சுபோல் அமுங்குகிறது. கராஜில் கேட்கும் கூலி எனக்குக் கட்டுப்படியாகவில்லை. வீட்டு வாசலிலேயே பிரேக்கைச் சரிசெய்து, காரின் உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்குகளையும் மாட்ட எண்ணுகிறேன். எதில் தொடங்கலாம்?
– வாசகர் ஒருவர், ஹாரோ, லண்டன்

பதில்: கைப்பழக்கம் பெறுவதற்கு ஏற்ற காரையே வாங்கியிருக்கிறீர்கள். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான இந்தக் காரின் எடை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. இன்ஜின் முன்னால், இயக்கம் பின்சக்கரங்களில். மின்னணுச் சிக்கல்கள் மிகக் குறைவு. ஆனால் ஸ்பிரிங் ஓராண்டு காத்திருந்தாலும் கெட்டுப்போகாது, மிதி அமுங்குவது ஒரு நாளும் காத்திருக்காது. அதைச் சரிசெய்யும் வரை காரை ஓட்டாதீர்கள்.

மிதித்தபடியே இருக்கும்போது மிதி மெல்ல மெல்லக் கீழிறங்கினால், வெளியே எங்கும் கசிவும் இல்லையென்றால், மிதியின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரின் உள்ரப்பர்கள் தேய்ந்துள்ளன என்று கொள்ளலாம். இரண்டு மூன்று முறை விரைந்து மிதித்ததும் இறுகுமானால் குழாயில் காற்று புகுந்திருக்கும், அல்லது பின் காலிபர்களில் (டிஸ்க்கைப் பேட்களால் கவ்விப் பிடிக்கும் பாகங்கள்) பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் உள்ள இடைவெளி கூடியிருக்கும். எதுவானாலும் பழைய பிரேக் திரவத்தை மாற்றிவிடுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 என்னும் தரவகையைச் சேர்ந்த புதிய திரவம் குறைந்தது 230 பாகை செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும் என்று விதித்திருக்கும் தரநிலை, ஈரம் ஏறிய பின் 155 பாகை வரை ஏற்கிறது. மலைச்சரிவில் பிரேக் சூடேறும்போது இந்த வேறுபாடு காலுக்குத் தெரியும். சிலிக்கானால் ஆன டாட் 5 திரவத்தை இதனுடன் கலக்கக் கூடாது. எண் ஒத்திருந்தாலும் டாட் 5.1 வேறு வகை, அது பொருந்தும்.

காற்றை வெளியேற்றும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க விளக்கங்கள் வலப் பின்சக்கரம் என்று சொல்வது அவர்களுடைய இடப்பக்க ஓட்டுநர் இருக்கைக்காக. உங்கள் பிரிட்டிஷ் காரில் அது இடப் பின்சக்கரம். இடையில் திரவத் தொட்டி வற்றினால் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். திரவம் பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பேட் மாற்றும்போது பின் காலிபரில் பலர் தடுமாறுகிறார்கள். முன்பக்கத்தைப் போல அதன் பிஸ்டனை அழுத்தி உள்ளே தள்ள முடியாது. காலிபரின் பின்புறத்தில் மூடியாக இருக்கும் 14 மில்லிமீட்டர் போல்ட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு திருகு இருக்கும். அதை 4 மில்லிமீட்டர் ஆலன் சாவியால் திருப்பியே பிஸ்டனைப் பின்வாங்கச் செய்ய வேண்டும். புதிய பேட் போட்டபின், டிஸ்க் பிடிபடும் வரை இறுக்கி, மூன்றில் ஒரு சுற்று தளர்த்திவிடுங்கள். கிளாம்பால் நெரித்துக் காலிபரைக் கெடுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

எல்லாவற்றுக்கும் முன்னால், காரைத் தூக்கும் முறை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு ஆக்ஸில் ஸ்டாண்டுகள் வேண்டும். ஜாக்கியை முன்பக்கம் குறுக்குச் சட்டத்திலும், பின்பக்கம், சக்தியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் அடியிலும் வைக்கலாம். கியர்பெட்டியையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டத்தில் ஒருபோதும் வைக்கக் கூடாது. ஸ்டாண்டை வைக்கும், கதவுகளுக்கு அடியிலுள்ள பக்கவாட்டுத் தகரச் சட்டங்களை முதலில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். துணிக்கூரையின் வடிகால் துளைகள் அடைபடுவதால் பின்சக்கரத்துக்கு முன்னுள்ள பகுதி உள்ளிருந்தே துருப்பிடிப்பது இந்தக் காரின் தீராத நோய். ஒலி மந்தமாக இருந்தாலோ தகரம் உள்வாங்கினாலோ, அங்கே ஸ்டாண்டை வைக்காதீர்கள். உங்கள் பணமும் ஸ்பிரிங்குக்கு அல்ல, வெல்டிங்குக்குத்தான் போக வேண்டும்.

ஸ்பிரிங் மாட்டும் நாள் வரும்போது ஒன்றை மறவாதீர்கள்: சஸ்பென்ஷன் கைகளின் போல்ட்டுகளைக் கார் அந்தரத்தில் இருக்கையில் முழுதாக இறுக்கினால், காரை இறக்கியதும் அவற்றின் இணைப்புகளிலுள்ள ரப்பர் புஷ்கள் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். சக்கரங்கள் எடையைத் தாங்கும் நிலையில்தான் கடைசி இறுக்கம். அதன்பின் நான்கு சக்கர அலைன்மென்ட்டைக் கருவி உள்ளவரிடம் கொடுத்துச் செய்துகொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கேள்வி: இதே காரின் டைமிங் பெல்ட்டை நானே மாற்ற முடியுமா? தவறினால் இன்ஜின் போய்விடும் என்கிறார்கள்.
– வாசகி ஒருவர், ஈஸ்ட்ஹாம்

பதில்: ஒரு முழு நாளை ஒதுக்கினால் முடியும். பல கார்களில், வால்வுகளைப் பிஸ்டன்களுடன் இசைவாக இயக்கும் இந்தப் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். மாற்றம் செய்யப்படாத 1.6 லிட்டர் எம்எக்ஸ்-5 இன்ஜினில் அவை மோதுவதில்லை. எனவே தவறு நேர்ந்தால் இழப்பு பெரும்பாலும் நேரமே. வால்வுகளை இயக்கும் தண்டுகளின் முனையிலுள்ள இரு கேம் சக்கரங்களிலும் I, E என்ற ஆங்கில எழுத்துக் குறிகளுக்கு இடையே பெல்ட்டில் 19 பற்கள் இருக்க வேண்டும். எண்ணிய பிறகு இன்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, மீண்டும் எண்ணுங்கள். தண்ணீர்ப் பம்ப்பை எடுக்கவும் இதே பெல்ட்டைக் கழற்ற வேண்டும் என்பதால், பழைய பம்ப்பை அதே நாளில் மாற்றிவிடுவது சிக்கனம்.

உங்கள் கார் 1991ஆம் ஆண்டினதோ அதற்கு முந்தையதோ என்றால் கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். அதில் நான்கு பிளவுகள் இருந்தால் கிராங்கின் மூக்கு, அதாவது முன்முனை, குட்டையான வகை; எட்டு இருந்தால் திருத்தப்பட்ட வகை. குட்டை மூக்கில் போல்ட் சரியாக இறுகாவிட்டால் புல்லியை நழுவாமல் பிடிக்கும் சாவிக்கட்டையின் காடி தேய்ந்து புல்லி ஆடத் தொடங்கும், பிறகு கிராங்கையே மாற்ற நேரிடலாம். இங்கே கை மதிப்பீடு உதவாது. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சும் தயாரிப்பாளரின் கையேடும் வேண்டும்.

கேள்வி: ஏர் ஃபில்டரும் சைலன்ஸரும் மாற்றினால் சக்தி எவ்வளவு கூடும்?
– அதே வாசகி

பதில்: ஓசை கூடும். சுமார் 115 குதிரைத்திறன் உள்ள இன்ஜினில் இவை தருவதை இருக்கையில் அமர்ந்து உணர்வது கடினம். அந்தப் பணத்தில் 185/60 ஆர்14 அளவில் நல்ல டயர்கள் நான்கு வாங்குங்கள். வளைவிலும் நிறுத்தத்திலும் மாற்றத்தை முதல் நாளே உணர்வீர்கள். எதை மாற்றினாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள்; மறைத்தால் விபத்துக்குப் பின் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு அதுவே காரணமாகலாம்.