பூச்சிமருந்துத் தூள் தூவும்போது கனமான பருத்திச் சட்டை போட்டால் போதாதா?

போதாது. தூள் மருந்து தோலில் படாமல் தடுப்பதுதான் பாதுகாப்புத் துணி. இதில் கனத்தைவிட இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் முக்கியம்.

பாவும் ஊடுமாக நெய்த பருத்தியில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் ஏராளம். மில்லில் அரைத்த மாவைத் துணிப்பையில் கொண்டுவந்தால் பையின் வெளிப்பக்கமும் கையும் வெள்ளையாகிவிடும் அல்லவா? இங்கே தூள் வெளியிலிருந்து உள்ளே வருகிறது. அப்புறம் வியர்வை வேறு. ஈரச் சட்டை தூளைக் கழுத்திலும் அக்குளிலும் இடுப்பிலும் ஒட்டவைத்துவிடும். ஈரத் தோலில் மருந்து இன்னும் எளிதாக ஏறும்.

டைவெக் போன்ற நெய்யாத துணிகளில் நுண்ணிழைகளைத் தாறுமாறாகப் பரப்பிச் சூட்டில் ஒட்டுகிறார்கள். நேர்வழி ஓட்டை இல்லாததால் தூள் நடுவிலேயே சிக்கிக்கொள்ளும். ஆனால் புழுக்கம் தாங்காது. வெயில் ஏறியதும் பலரும் கழற்றிவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதனால் காற்றில்லாத அதிகாலையில் வேலையை முடிப்பது நல்லது.

2024 டிசம்பரில் வெளிவந்த 'கிசான் கவச்' உடை வேறு வகை. பெங்களூரு இன்ஸ்டெம் ஆய்வகம் உருவாக்கிய இந்தத் துணி, ஆர்கனோபாஸ்பேட் என்ற வகைப் பூச்சிமருந்துகளைத் தொட்டவுடன் சிதைக்கும். துவைத்துத் திரும்பப் போடலாம். வெளிவந்தபோது விலை சுமார் 4,000 ரூபாய். கூலிக்கு வருபவருக்கு நிலத்துக்காரர்தான் வாங்கித் தர வேண்டும் என்பேன்.

மூக்கில் துண்டு கட்டினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். துண்டு நுண்தூளை வடிகட்டாது, தோல் வழியாக ஏறுவதையும் தடுக்காது.