வாடகை கேட்கும் இரண்டாம் பாகம்

வணக்கம்.

போன மாதம் ஒரு விடுமுறை நாளில் 'ஜோக்கர்' படத்தின் இரண்டாம் பாகத்தை வீட்டில் பார்த்தேன். 2019இல் முதல் பாகத்தைத் தியேட்டரில் மூன்று தடவை பார்த்தவன் நான். இதைப் பாதியிலேயே அணைத்துவிடலாமா என்றிருந்தது. நண்பர்களிடம் புலம்பினால், "எதிர்பார்ப்பு இல்லாமல் பார்த்திருந்தால் பிடித்திருக்கும்" என்கிறார்கள். இது என்ன நியாயம்? எதிர்பார்ப்பைச் செருப்பு மாதிரி வாசலில் கழற்றி வைத்துவிட்டா உள்ளே போக முடியும்? சூப்பர் ஹீரோ படங்களின் அடுத்தடுத்த பாகங்களை எதை வைத்துத்தான் எடைபோடுவது? வசூலை வைத்தா, முதல் பாகத்தோடு ஒப்பிட்டா? இதற்கு நடுவில் என் பத்து வயது மகன் 'ஸ்பைடர்மேன்' வரிசையில் மூன்றாவதுதான் சிறந்தது என்று சாதிக்கிறான். அவனுக்கும் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர்கள் சொல்வதை நானும் ஏற்க மாட்டேன். தலைப்பிலேயே 2 என்று போட்டு விற்கிறவர்கள் நம் எதிர்பார்ப்பைத்தான் விற்கிறார்கள். டிக்கெட்டுக்குக் காசு வாங்கும்போது வேண்டியிருந்த எதிர்பார்ப்பு, படம் சரியில்லை என்றதும் பார்ப்பவனின் குற்றமாக மாறிவிடுவது நல்ல வேடிக்கை.

ஆனால் எதிர்பார்ப்பு ஏமாந்ததா என்பதை வைத்தே படத்துக்குத் தீர்ப்பு எழுதவும் எனக்குத் தயக்கம் உண்டு. காரணம் என் சொந்தக் கதை. 2004இல் மதுரையில் என் தம்பியோடு போய் 'ஸ்பைடர்மேன் 2' பார்த்தேன், தமிழ் டப்பிங்கில். வெளியே வரும்போது எங்கள் இருவருக்கும் முகம் தொங்கிப்போயிருந்தது. ஸ்பைடர்மேன் பாதிப் படம் முழுக்க பீட்சா டெலிவரி செய்கிறான், துணி துவைக்கிறான், வீட்டுக்காரர் வாடகை கேட்டுக் கத்துகிறார். வலை வர வேண்டிய நேரத்தில் வலை வர மாட்டேன் என்கிறது. கட்டடத்தின் உச்சியிலிருந்து இறங்க முடியாமல், முழு வேஷத்தோடு லிஃப்டில் இன்னொரு ஆளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வருகிறான். "இதுக்கா வந்தோம்?" என்றான் தம்பி. நானும் ஆமாம் போட்டேன். பறப்பதைப் பார்க்கப் போன எங்களுக்கு அவன் நடப்பதைக் காட்டினார்கள்.

சில வருடம் கழித்து, கையில் வேலை இல்லாமல், அறை வாடகை இரண்டு மாதம் பாக்கி வைத்திருந்த சமயத்தில், அதே படத்தை டிவியில் தற்செயலாகப் பார்த்தேன். அப்போதுதான் அந்தப் படம் எதைப் பற்றியது என்றே புரிந்தது. படம் மாறவில்லை. 2004இல் நான் கொண்டுபோன எதிர்பார்ப்புதான் தப்பானதாக இருந்திருக்கிறது.

அன்றிலிருந்து என் கணக்கு இது. முதல் படம் நாயகனுக்கு ஒரு சக்தியைத் தூக்கிக் கொடுக்கிறது. இரண்டாம் படம் அதற்கு வாடகை கேட்க வர வேண்டும். 'ஸ்பைடர்மேன் 2' இயக்குநர் சாம் ரைமி அதை அப்படியே எழுத்துப்பிசகாமல் செய்துவிட்டார், வீட்டுக்காரரையே கூட்டி வந்து. முதல் படத்தில் பீட்டர், அதாவது முகமூடிக்குள் இருக்கும் ஸ்பைடர்மேன், ஒரு திருடனைப் போகவிட்டான், அவனால் மாமா செத்தார், அது பீட்டருக்கும் நமக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். சாதாரணமான இரண்டாம் பாகம் இதைத் தொடவே தொடாது. போன படத்தோடு அழுது முடித்தாயிற்று, அடுத்த வில்லன் எங்கே என்று போய்விடும். இங்கே பீட்டர் அத்தையின் முன் உட்கார்ந்து அதைச் சொல்கிறான். அத்தை கையை இழுத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய்விடுகிறார். நான்கு இரும்புக் கைகளோடு வில்லனாக ஆல்ஃபிரட் மொலினா வந்து வங்கியை நொறுக்கும் காட்சியைவிட அந்தச் சாப்பாட்டு மேஜை எனக்குப் பெரிய சண்டைக்காட்சி. அப்புறம் அந்த ரயில். முகமூடி இல்லாமல் மயங்கிக் கிடப்பவனைப் பயணிகள் தலைக்கு மேல் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கிக்கொண்டு போகிறார்கள். முதல் படத்தில் அவன் ஊரைத் தூக்கினான், இதில் ஊர் அவனைத் தூக்குகிறது.

வசூலைக் கேட்டிருந்தீர்கள். அதே வரிசையைப் பாருங்கள். 2002இல் வந்த முதல் படம் உலகம் முழுக்க ஏறத்தாழ 82 கோடி டாலர் எடுத்தது. இரண்டாவது 79 கோடிக்குப் பக்கம். 2007இல் வந்த மூன்றாவது 89 கோடியைத் தொட்டது. மூன்றில் பலரும் பலவீனமானது என்று சொல்வது எதுவோ, அதற்குத்தான் அதிகக் காசு. ஒரு பாகத்தின் முதல் வாரக் கூட்டம் பெரும்பாலும் அதற்கு முந்தைய பாகம் சேர்த்து வைத்த கூட்டம் என்று நான் நினைக்கிறேன். அப்பா சேர்த்த சொத்தில் மகன் கல்யாணம் செய்துகொள்வது மாதிரி. இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் பொருந்தாது, உங்கள் ஜோக்கரே அதற்குச் சாட்சி. அதற்கு வருகிறேன்.

இன்னொரு கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, நான் சேர்த்துக்கொள்கிறேன். யாருடைய எதிர்பார்ப்பு? 1989இல் டிம் பர்ட்டனின் 'பேட்மேன்' பெரிய வெற்றி. 1992இல் அவரே இரண்டாவதாக எடுத்த 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' இருட்டும் கோரமுமான படம். வாயிலிருந்து கருப்புத் திரவம் வடிய, பச்சை மீனைக் கடிக்கும் பென்குவின் மனிதன், தைத்துத் தைத்துப் போட்ட உடையில் ஒரு பூனைப் பெண். எனக்கு முதல் படத்தைவிட இதுவே பிடிக்கும். ஆனால் அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளில் குழந்தைகளின் சாப்பாட்டுப் பெட்டியோடு இந்தப் படத்தின் பொம்மைகள் போய்க்கொண்டிருந்தன. பொம்மையை நம்பிக் குழந்தையைப் படத்துக்குக் கூட்டிப்போன பெற்றோர்கள் கொதித்துப்போனார்கள். வசூலும் முந்தையதைவிட நன்றாகக் குறைந்தது. அடுத்த படத்தை இயக்கும் வேலை பர்ட்டனிடமிருந்து ஜோயல் ஷூமாக்கருக்குப் போனது. 1995இல் வண்ணமயமாக, லேசாக, எல்லோருக்கும் பிடித்த மாதிரி ஒரு படம், வசூலும் ஏறியது. சரி, இதுதான் வழி என்று அதே ரூட்டில் இன்னும் வேகமாகப் போனார்கள். 1997இல் வந்த 'பேட்மேன் அண்ட் ராபின்' அந்த வரிசையையே படுக்க வைத்தது. எட்டு வருடம் பேட்மேனை வைத்துத் திரையரங்குக்கு இன்னொரு படம் வரவில்லை. எதிர்பார்ப்பை நிறைவேற்றத்தான் அவ்வளவு பாடும் பட்டார்கள், பொம்மைக் கடையின் எதிர்பார்ப்பை.

எட்டு வருடம் கழித்து 2005இல் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் வந்தார். 'பேட்மேன் பிகின்ஸ்' முடிகிற இடம் நினைவிருக்கிறதா? மொட்டை மாடியில் நின்று போலீஸ் அதிகாரி கார்டன் பேட்மேனிடம் கேட்கிறார்: நாங்கள் குண்டு துளைக்காத உடை போட்டால் அவர்கள் அதையும் துளைக்கிற குண்டு வாங்குவார்கள், நீயோ முகமூடி மாட்டிக்கொண்டு கூரைக்குக் கூரை தாவுகிறாய், இது எங்கே போய் நிற்கும்? கேட்டுவிட்டு ஒரு ஜோக்கர் சீட்டை நீட்டுகிறார். 2008இல் வந்த 'த டார்க் நைட்' முழுக்க அந்த ஒரு கேள்விக்கான பதில். தொடக்கத்திலேயே பேட்மேனைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட போலிகள் துப்பாக்கியோடு திரிகிறார்கள். ஜோக்கர் எங்கிருந்தோ குதித்த வில்லன் இல்லை, முதல் படத்து நாயகனின் செலவுக் கணக்கு. ஜோக்கராக வந்த ஹீத் லெட்ஜரின் நடிப்பைப் பற்றி எழுத இனி யாருக்கும் புதிதாக வார்த்தை கிடைக்காது, விட்டுவிடுகிறேன். ஆனால் அந்த நடிப்பு நிற்பதற்கு ஒரு தரை வேண்டியிருந்தது. அந்தத் தரையை முதல் படத்தின் கடைசி இரண்டு நிமிடம் போட்டு வைத்திருந்தது.

மார்வெல் படங்களைப் பற்றித் தனியாக நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 'அயன்மேன் 2' பல இடங்களில் அடுத்து வரப்போகும் படங்களுக்கான விளம்பரப் பலகையாகவே நின்றுவிட்டது. 2014இல் வந்த கேப்டன் அமெரிக்காவின் இரண்டாம் பாகம் வாடகை கேட்டது. தான் யாருக்காக உழைக்கிறோமோ அந்த அமைப்புக்குள்ளேயே தன் பழைய எதிரி குடியிருக்கிறான் என்று நாயகன் கண்டுபிடிக்கிறான். அதனால்தான் அதில் வரும் லிஃப்ட் சண்டை இன்றைக்கும் பேசப்படுகிறது. நம் பக்கத்துச் சங்கதி ஒன்று: 2019இல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' தமிழில் வந்தபோது அயன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். ஒரு நல்ல நடிகரின் குரல், ஆனால் ரசிகர்களில் ஒரு பகுதி சண்டைக்கே வந்துவிட்டது. அவர்கள் காதில் வேறு குரல் பல வருடமாகக் குடியிருந்தது. எதிர்பார்ப்பு என்பது பாதி நேரம் இப்படிப்பட்ட பழக்கம்தான்.

சரி, உங்கள் ஜோக்கர்.

2019 படம் சுமார் 6 கோடி டாலரில் எடுக்கப்பட்டு 100 கோடியைத் தாண்டியது. வெனிஸ் திரைப்பட விழாவின் முதல் பரிசான தங்கச் சிங்கம், ஜோக்கராக நடித்த வாக்கீன் ஃபீனிக்ஸுக்கு ஆஸ்கர். 2024இல் வந்த இரண்டாவதற்குச் செலவு மூன்று மடங்குக்கு மேல், வசூல் போட்ட காசைச் சுற்றியே நின்றுவிட்டது. அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்று ஒரு நிறுவனம், முதல் நாள் படம் பார்க்க வருகிறவர்களிடம் சீட்டுக் கொடுத்து மதிப்பெண் வாங்கும். இந்தப் படத்துக்கு டி கிடைத்தது. முதல் நாளே ஓடி வருகிறவன் யார்? உங்களைப் போல முந்தைய படத்தை மூன்று தடவை பார்த்தவன். ஆக, அந்த டி என்பது ஏமாந்ததன் அளவு. அந்த அளவில் சந்தேகமே இல்லை.

ஆனால் என் கணக்குப்படி பார்த்தால் இந்தப் படம் வாடகை கேட்காத படம் இல்லை. கேட்டது, அதுவும் நம்மிடம். முதல் படத்தில் ஜோக்கராக மாறும் ஆர்தர் தன் வீட்டில் ஒருவனைக் கொன்றுவிட்டு, கேரி என்ற குள்ளமான சக ஊழியரை மட்டும் போகச் சொல்வான், ஞாபகம் இருக்கிறதா? கதவுத் தாழ்ப்பாள் கேரிக்கு எட்டாது. நான் பார்த்த காட்சியில் அரங்கம் சிரித்தது, நானும் சிரித்தேன். இரண்டாம் பாகத்தில் அதே கேரி நீதிமன்றத்தில் கூண்டேறுகிறார். அன்றிலிருந்து தனக்குத் தூக்கமில்லை, பயமாக இருக்கிறது என்கிறார். ஆர்தர் ஒருவன்தான் தன்னைக் கேலி செய்யாதவனாக இருந்தான் என்கிறார். அந்த மூன்று நான்கு நிமிடம் எனக்குத் தொண்டை அடைத்தது. ஐந்து வருடத்துக்கு முந்தைய என் சிரிப்புக்கு யாரோ பில் நீட்டிய மாதிரி இருந்தது.

படத்தின் கோளாறு என்னவென்றால், அந்த நிமிடங்களைச் சுற்றி இருக்கிற இரண்டு மணி நேரம். ஒவ்வொரு சாட்சியாக வந்து முதல் படத்தின் கதையை நமக்கே திரும்பச் சொல்கிறார்கள். நடுநடுவே பாட்டு. பாட்டு வந்ததில் எனக்குப் புகார் இல்லை, பாட்டோடு வளர்ந்த சனம் நாம். ஆனால் பாட்டு முடியும்போது கதை பாட்டுக்கு முன்னால் நின்ற அதே இடத்தில்தான் நிற்கிறது. லேடி காகா போன்ற ஒருவரை வைத்துக்கொண்டு அவர் நடிக்கும் ஹார்லி என்ற ஜோக்கரின் காதலிக்கு முழுசாக ஒரு கதை எழுதாமல் விட்டிருக்கிறார்கள். தான் ஜோக்கர் இல்லை என்று ஆர்தர் கடைசியில் ஒப்புக்கொள்ளும் இடம் துணிச்சலானது. அந்தத் துணிச்சலுக்கு வந்து சேரும் வழி வறட்சி. எனவே உங்கள் தீர்ப்போடு நான் ஒத்துப்போகிறேன், உங்கள் காரணத்தோடு இல்லை. "நான் விரும்பிய ஜோக்கரை உடைத்துவிட்டார்கள்" என்பது உங்கள் புகார் என்று கடிதத்தின் தொனியில் தெரிகிறது. உடைக்கட்டும். உடைப்பதை இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம் என்பது என் புகார். கேரி பேசும் காட்சியை மட்டும் ஒரு தடவை திரும்பப் போட்டுப் பாருங்கள். அதற்கப்புறமும் கோபம் அப்படியே இருந்தால், இருக்கட்டும், அது உங்கள் உரிமை.

மகனிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அந்த மூன்றாம் படத்தில் மூன்று வில்லன்களைத் திணித்திருக்கிறார்கள், அதில் வெனம் என்ற வில்லனைச் சேர்க்கச் சொல்லித் தயாரிப்புத் தரப்பு வற்புறுத்தியது ஊரறிந்த விஷயம். அது சரியாக வரவில்லை என்று ரைமியே பிற்பாடு வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆனால் பத்து வயதில் கருப்பு உடை போட்ட ஸ்பைடர்மேனைப் பார்த்தால் அதுதான் சிறந்த படம், வேறு பேச்சே இல்லை. என் தம்பியும் அதே கட்சிதான், அவனுக்கு இப்போது நாற்பதை நெருங்குகிறது.

ஒன்று மட்டும் உங்கள் மகனிடம் கேட்டுப் பாருங்கள். அந்தப் படத்தில் ஒரு குவியல் மணல் மெல்ல மெல்ல எழுந்து, சரிந்து, திரும்ப எழுந்து மனிதனாகும் காட்சி வரும். வசனமே கிடையாது. அவன் தன் மகளின் படம் இருக்கும் லாக்கெட்டை எடுக்கப் பார்ப்பான், விரல்கள் உதிர்ந்துவிடும், மறுபடி முயல்வான். மூன்று படத்திலும் அதற்கு இணையான காட்சிகள் ஒன்றிரண்டுதான். சண்டைகளை விட்டுவிட்டு மகன் தானாக அந்தக் காட்சியைச் சொன்னான் என்றால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.