'வாதம் இல்லை' என்று ஆய்வேடு திரும்பி வந்தால்

கேள்வி: கொழும்பில் இறுதி வருடம் படிக்கிறேன். இலங்கைத் தமிழர் குடிப்பரம்பல் பற்றிய ஆய்வேட்டை எழுத்துப்பிழை இல்லாமல்தான் கொடுத்தேன். 'வாதம் இல்லை, உசாத்துணை போதாது' என்று மேற்பார்வையாளர் திருப்பித் தந்துவிட்டார். எங்கிருந்து திருத்துவது?

பதில்: ஒப்புநோக்கும் (எழுத்துப்பிழை பார்க்கும்) வேலையைக் கடைசிக்கு வையுங்கள். வாதத்தைச் சரிசெய்யும்போது பல பந்திகள் மாறும், சில போயே விடும்.

முதலில் ஒவ்வொரு பந்தியும் எதை நிறுவுகிறது என்று ஓரத்தில் ஒரு வசனம் எழுதுங்கள். எழுத வராவிட்டால் அந்தப் பந்தியில் தகவல்தான் இருக்கிறது. ஓரத்து வசனங்களை மட்டும் வரிசையாக வாசித்தால் உங்கள் முடிவுக்கு வந்து சேரவேண்டும். இரண்டு பந்திகளை இடம் மாற்றியும் ஒன்றும் கெடவில்லையென்றால், ஒன்றிலிருந்து மற்றது பிறக்கவில்லை. 'யாவரும் அறிந்ததே' என்று எழுதிய இடங்களையும் பாருங்கள். அநேகமாக அங்கேதான் சான்று விடுபட்டிருக்கும்.

சான்று இருந்தும் வாதம் சரியலாம். உங்கள் தலைப்பிலேயே அதற்கு உதாரணம் உண்டு. குடிசன மதிப்பீட்டு அட்டவணைகளில் இலங்கைத் தமிழர் 2001இல் ஏறத்தாழ 7.3 இலட்சம், 2012இல் ஏறத்தாழ 22.7 இலட்சம். இரண்டு இலக்கமும் சரி. ஆனால் 'பதினொரு வருடத்தில் மும்மடங்கு' என்ற முடிவு பிழை. 2001இல் யுத்தம் காரணமாக 18 மாவட்டங்களில்தான் கணக்கெடுப்பு முழுமையாக நடந்தது. வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களும் மட்டக்களப்பும் திருகோணமலையும் அந்தத் தொகையில் சேரவில்லை. முழு நாட்டையும் ஒப்பிட 1981ஐ எடுங்கள். அட்டவணையின் அடிக்குறிப்பை வாசிக்காமல் இலக்கத்தை எடுப்பதுதான் இந்தத் துறை ஆய்வேடுகளை அதிகம் கெடுக்கிறது.

இன்னொருவர் கட்டுரையில் கண்ட இலக்கத்துக்குக் கணக்கெடுத்த திணைக்களத்தின் பெயரைப் போடவேண்டாம். மூல அறிக்கையைத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் யார் வழியாக எடுத்தீர்கள் என்று காட்டுங்கள். ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கி எழுதினாலும் கருத்து அவருடையதே. டேர்னிடின் (களவு எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்) காட்டும் ஒற்றுமை வீதம் குறைவாக வந்தாலும் குறிப்பிடாமல் விட்டால் அது களவுதான். நேரடி மேற்கோளுக்குப் பக்க எண் கட்டாயம். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் உசாத்துணை) முறையில் 40 சொல்லும் அதற்கு மேலும் போனால் மேற்கோள் குறியின்றி, உள்தள்ளித் தனிப் பந்தியாக வரும்.

இனி ஒப்புநோக்கல். தாளில் பிரிண்ட் எடுத்து, கடைசிப் பந்தியிலிருந்து மேல்நோக்கி வாசியுங்கள்; பொருளின் ஓட்டம் கண்ணை இழுக்காது. ஒற்றுக்கு ஒரு வாசிப்பு, ர-ற, ல-ள-ழ மயக்கத்துக்கு இன்னொன்று, இலக்கங்களுக்கு மற்றொன்று. பாமினி என்ற பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோட்டுக்கு மாற்றிய கோப்பானால் 'பௌத்தர்' போன்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். ஒற்றைக்கொம்பையும் ள-வையும் தனித்தனியே தட்டி ஔகாரம் ஆக்கியிருந்தால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, தேடலில் அகப்படாது.

கடைசியாக, உள்ளே காட்டிய ஒவ்வொரு பெயரும் வருடமும் உசாத்துணைப் பட்டியலில் அப்படியே இருக்கிறதா, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் உள்ளே வந்திருக்கிறதா என்று இரு பக்கமும் சரிபார்த்துக் கோடிடுங்கள்.