புல்லை எண்ணவா இவ்வளவு படிப்பு?

இந்த இதழில் மலைக்காட்டு ஆய்வு பற்றி வந்த கடிதங்களுக்குப் பதில். எழுதுபவர் நீலகிரிச் சோலைக்காடுகளில் பல ஆண்டுகள் களப்பணி செய்துவிட்டு, இப்போது பெங்களூரில் வசிப்பவர்.

கேள்வி: என் மகள் எம்.எஸ்ஸி. தாவரவியல் முடித்திருக்கிறாள். ஊட்டிக்கு மேலே ஓர் ஆய்வுத் திட்டத்தில் ஒரு வருடம் உதவியாளராகச் சேரப் போகிறேன் என்கிறாள். என்ன வேலை என்று கேட்டால், புல்லை எண்ணுவது, மரத்தை அளப்பது என்கிறாள். "இதுக்கா இவ்வளவு படிச்சே?" என்று அவள் சித்தப்பா கேட்கிறார். பெண் பிள்ளையைக் காட்டுக்கு அனுப்ப எனக்கும் பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், அல்சூர்

பதில்: சகோதரி, முதலில் பயத்தைப் பேசிவிடுவோம். 1993-ல் நான் ஸ்ரீராமபுரத்து வீட்டிலிருந்து கிளம்பியபோது என் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பருப்புப்பொடி டப்பாவைப் பையில் வைத்தார். அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

காட்டுக்குள் யாரும் தனியாகப் போவதில்லை. வனத்துறையின் அனுமதி வேண்டும். முன்னால் வாட்ச்சர், அதாவது காடு தெரிந்த வனக்காவலர், ஒருவர் நடப்பார். எங்களோடு வந்த வாட்ச்சர் அண்ணன் நடந்துகொண்டே இருப்பார், திடீரென்று நிற்பார். அவர் நின்றால் நாங்களும் நிற்போம். காரணம் கேட்கக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்துப் புதருக்குப் பின்னாலிருந்து காட்டெருமை ஒன்று எழுந்து போகும். எங்கள் கண்ணுக்கு அதுவரை அங்கே எதுவும் இருக்காது. மதியத்துக்குப் பிறகு பனிமூட்டம் இறங்கினால் வேலை பாதியில் நின்றாலும் திரும்பிவிடுவோம்.

மகளிடம் இதையெல்லாம் கேளுங்கள்: தங்குமிடம் எது, உடன் வருபவர் யார், அவசரத்துக்கு வண்டி உண்டா, விபத்துக் காப்பீடு உண்டா. நான் முதலில் சேர்ந்த திட்டத்தில் காப்பீடு கிடையாது. பாறையில் வழுக்கிக் கால் முறிந்த ஒரு பையன் கைக்காசு போட்டுத்தான் கட்டு போட்டுக்கொண்டான். அது எனக்கு இன்றும் ஆறாத கோபம். நேரான பதில் வராத திட்டத்தில் அவள் சேர வேண்டாம். வந்தால் தடுக்காதீர்கள்.

சரி, சித்தப்பாவின் கேள்விக்கு வருகிறேன். புல்லை எண்ணுவது என்றால் இப்படி: ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குழாய்ச் சட்டம் இருக்கும். அதைப் புல்வெளியில் வைத்து மண்டியிட்டு உட்கார வேண்டும். முதலில் பச்சை மட்டும்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் ஒரு புல்லின் தண்டு தட்டையாக இருப்பதும், பக்கத்துப் புல்லின் அடியில் மெல்லிய ரோமம் இருப்பதும் பிரிந்து தெரிய ஆரம்பிக்கும். விரல் நகம் அளவுக்கு ஒரு செடி அதன் நிழலில் பூத்திருக்கும். ஒரு சட்டத்தை முடிப்பதற்குள் முழங்கால் நனைந்துவிடும்.

மரத்தைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளப்பார்கள். அந்த உயரத்தில் பெயின்ட் கோடு போட்டிருக்கும். பாசியை விரலால் மெதுவாக ஒதுக்கி, அந்தக் கோட்டின் மேலேயே டேப்பைச் சுற்ற வேண்டும். சோலை மரம் ஒரு வருடத்தில் பருப்பது சில மில்லிமீட்டர்தான். டேப் சற்றுச் சாய்ந்தால் அந்த வளர்ச்சியை நம் பிழையே விழுங்கிவிடும். இதற்குப் படித்த கையும் பொறுத்த கையும் வேண்டும் என்று சித்தப்பாவிடம் சொல்லுங்கள். அப்புறம், மகளுக்குப் பென்சில் வாங்கிக் கொடுங்கள். முதல் மழைக்காலத்தில் பேனாவால் எழுதிய என் நோட்டு ஒன்று ஆறு வாரக் கணக்கோடு நீல நீராகக் கரைந்துபோனது.

ஒரு முறை அளந்தால் அது வெறும் எண். அதே மரத்திடம் திரும்பத் திரும்பப் போனால்தான் காடு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரியும். நம் ஊர் ஆட்டோக்காரர்கள் 'டாட்டா இன்ஸ்டிட்யூட்' என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தார் 1988-ல் முதுமலையில் 50 ஹெக்டேர் காட்டை அளந்து வைத்தார்கள். ஒரு சென்டிமீட்டர் பருமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் உண்டு. வறட்சியில் எது செத்தது, தீயில் எது தப்பியது என்பதை இன்று சொல்ல முடிவது, அன்று முதல் யாரோ ஒருவர் விடாமல் நடந்துபோய்ப் பார்த்ததால்தான். உங்கள் மகளும் அந்த வரிசையில் ஓர் ஆளாகப் போகிறாள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சியை நீலகிரியில் பூத்து நான் பார்த்தது மூன்றே முறை: 1994, 2006, 2018. அடுத்தது 2030. அவளுக்கு இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது.

கேள்வி: ஊட்டிப் பக்கம் மலை உச்சியெல்லாம் மொட்டையாகப் புல்லாக இருக்கிறது, பள்ளத்தில் மட்டும் காடு. வெள்ளைக்காரன் வெட்டியதா? அங்கே மரம் நட்டால் நல்லதுதானே?
— ஓய்வுபெற்ற தொழிலாளி, ஜாலஹள்ளி

பதில்: தயவுசெய்து நட வேண்டாம் ஐயா. அந்தப் புல்வெளி வெட்டுப்பட்ட காடு அல்ல. நீலகிரியின் பள்ளங்களில் சேர்ந்திருக்கும் கரிய சதுப்பு மண்ணைத் தோண்டி எடுத்து, அதிலுள்ள கார்பனைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அங்குள்ள புல்லின் கார்பனும் மரத்தின் கார்பனும் ஒன்றுபோல் இருக்காது. 1993-ல் வெளியான அந்த ஆய்வின்படி, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் செழித்திருந்தது.

அங்கே மரம் வராததற்குப் பெரிய காரணம் உறைபனி. டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத இரவில் திறந்தவெளித் தரை உறைந்துபோகும். விடிந்ததும் புல்லின் மேல் உப்புத் தூவியது போல வெள்ளை படிந்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சோலை மரத்தின் கன்று அந்தக் குளிரில் கருகிவிடும். பெரிய மரங்களின் குடைக்கு அடியில் முளைத்தது பிழைத்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரமோ உறைபனியைத் தாங்கும். எரிபொருளுக்கும் தோல் பதனிடவும் என்று அதை நட்டார்கள். 'வெறும் நிலம்' என்று நினைத்துத் தைலமரத்தையும் நட்டார்கள். இன்று சீகை தானாகவே பரவிப் புல்வெளியைத் தின்கிறது. தோடர்களின் எருமைக்கும் வரையாட்டுக்கும் அந்தப் புல்தான் வாழ்க்கை. மழையின் அளவையும் யோசியுங்கள். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பெங்களூரில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த மலைகளில் பெய்யும் மழையை வாங்கி வைத்து, பவானிக்கும் மாயாற்றுக்கும் மெல்ல மெல்ல விடுவதில் அந்தப் புல்லுக்கும் சோலைக்கும் சதுப்புக்கும் பங்கு இருக்கிறது.

கேள்வி: அட்டை கடித்தால் என்ன செய்ய வேண்டும் ஆன்ட்டி?
— எட்டாம் வகுப்பு மாணவன், விவேக்நகர்

பதில்: பிடித்து இழுக்காதே கண்ணா. ஒல்லியாக இருக்கும் முனைக்கு அடியில் நகத்தை நுழைத்து மெதுவாக நெம்பினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியும். சோப்பு போட்டுக் கழுவி, துணியை வைத்து அழுத்திக்கொள்.

கேள்வி: நான் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். உயிரியல் படிக்கவில்லை. சனி, ஞாயிறுகளில் இந்த ஆய்வுகளில் ஏதாவது செய்ய முடியுமா?
— வாசகர், கம்மனஹள்ளி

பதில்: முடியும். உங்கள் தெருவில் ஒரு புங்க மரம் இருந்தால், மரங்களின் பருவ மாற்றத்தைப் பொதுமக்களே கவனித்துப் பதியும் 'சீசன்வாட்ச்' திட்டத்தில் அதைப் பதிவுசெய்து, வாரம் ஒரு முறை தளிர், பூ, காய் பார்த்து எழுதுங்கள். மலைதான் வேண்டும் என்றால் நந்தி மலை பக்கத்திலேயே இருக்கிறது. 1,478 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அதனால்தான் அந்த உச்சி சுற்றியுள்ள ஊர்களைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய நீலகிரிக் காட்டுப்புறா, அத்தனை தூரம் தள்ளி, அந்த உச்சி மரங்களில் இருக்கிறது. கழுத்தின் பின்புறம் சதுரங்கப் பலகை போலக் கறுப்பு வெள்ளைக் கட்டம் தெரிந்தால் அதுதான். பார்த்ததை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவுசெய்யுங்கள். தேடிப் பார்த்தும் கிடைக்காத நாளின் பட்டியலையும் விடாமல் ஏற்றுங்கள், அது எங்களுக்குத் தேவை. ஞாயிற்றுக்கிழமை அங்கே வண்டி நிறுத்தக்கூட இடம் கிடைக்காது. வார நாளில் ஒரு விடுப்பு எடுத்துக்கொண்டு, விடியும்போது மேலே இருக்கும்படி போங்கள்.