லேயர் வரிசை குலைந்தால் காசு செலவழிக்க வேண்டுமா?

கேள்வி: ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் ஒரே ஒரு வரைபடத்தில் மட்டும் லேயர்களின் (வரைபடத்தைப் பிரித்து வைக்கும் அடுக்குகளின்) டிராப்டவுன் பட்டியல் அகர வரிசையில் வருவதில்லை. புது லேயர் போட்டால் கடைசியில் போய் ஒட்டிக்கொள்கிறது. மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் என்கிறார் சர்வீஸ்காரர். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். மற்ற கோப்புகளில் வரிசை ஒழுங்காக இருக்கிறதென்றால் மென்பொருளில் பழுதில்லை. அந்தக் கோப்பில் லேயர்கள் பெருத்துப்போயிருக்கும்.

மேக்ஸ்சார்ட் (MAXSORT) என்றொரு சிஸ்டம் வேரியபிள், அதாவது மென்பொருளின் அமைப்பு மதிப்பு, இருக்கிறது. எத்தனை பெயர்கள் வரை வரிசைப்படுத்தலாம் என்ற உச்சவரம்பு அதில்தான் உள்ளது. ஆரம்ப மதிப்பு 1000. லேயர் எண்ணிக்கை இதைத் தாண்டினால் முதல் ஆயிரத்தை மட்டும் அடுக்கிவிட்டு மீதியை விட்டுவிடும் என்று நினைக்காதீர்கள். எதையுமே அடுக்காது. 998 லேயர் வரை ஒழுங்காக இருந்த பட்டியல், ஓர் எக்ஸ்ரெஃபை (இணைப்பாகக் கொண்டுவரும் வேறொரு வரைபடத்தை) சேர்த்ததும் மொத்தமாகக் கலைவது இதனால்தான்.

முதலில் லேயர் ப்ராபர்ட்டீஸ் மேனேஜரைத் திறந்து, இடப்பக்கம் 'ஆல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மொத்தம் எத்தனை லேயர் என்பது அடிவரியில் தெரியும். ஆயிரத்துக்கு மேல் என்றால் கமாண்ட் லைனில் MAXSORT என்று இடைவெளி விடாமல் தட்டி என்டர் கொடுங்கள். இப்போதுள்ள மதிப்பைக் காட்டிப் புது மதிப்பு கேட்கும், 5000 போதும். 32767 வரை ஏற்கும். பட்டியல் உடனே மாறாவிட்டால் கோப்பை மூடித் திறங்கள்.

இந்த மதிப்பு பதிவாவது கணினியின் ரெஜிஸ்ட்ரியில், வரைபடத்தில் அல்ல. அதனால் அதே கோப்பை வேறொருவர் தம் கணினியில் திறந்தால் பழைய குழப்பமே தெரியும்; அங்கேயும் மாற்ற வேண்டும். காசு கொடுத்து மறுபடி நிறுவினாலும் கிடைக்கப்போவது அந்த 1000தான்.

ஆனால் ஒரு வரைபடத்துக்கு ஆயிரம் லேயர் எதற்கு? பெயர்களின் நடுவே டாலர் குறி, பூஜ்யம், டாலர் குறி என்று வந்தால் யாரோ எக்ஸ்ரெஃபை பைண்ட் செய்திருக்கிறார்கள், அதாவது இணைப்பாக வைக்காமல் இந்தக் கோப்புக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். பிரதி எடுத்து வைத்துக்கொண்டு பர்ஜ் (PURGE) கமாண்டை ஓட்டினால் பயன்படாதவை உதிர்ந்துவிடும். இணைப்பிலேயே இருக்கும் எக்ஸ்ரெஃப் லேயர்களை பர்ஜ் தொடாது.

கேள்வி: என்னிடம் இருப்பது ஆட்டோகேட் 2013. தளம்-1, தளம்-10, தளம்-2 என்றுதான் அடுக்குகிறது. புதுப் பதிப்பில் சரியாக வரும் என்கிறார் டீலர். வாங்கலாமா?

பதில்: டீலர் சொல்வது உண்மைதான். 2014 பதிப்பிலிருந்து எண்ணின் மதிப்பைப் பார்த்து அடுக்கும். அதிலும் சார்ட்ஆர்டர் (SORTORDER) என்ற வேரியபிள் 1 ஆக இருக்க வேண்டும். 0 என்றால் பழைய முறைதான். ஆனால் 2016 ஜனவரி 31க்குப் பிறகு ஆட்டோடெஸ்க் ஆட்டோகேடுக்கு நிரந்தர உரிமம் விற்பதில்லை. இனி வாங்கினால் சந்தாதான். இந்த ஒரு வசதிக்காக அந்தச் செலவு வீண்.

ஒற்றை இலக்கப் பெயர்களுக்கு முன்னால் பூஜ்யம் சேருங்கள்: 01, 02, 03. ஒன்பது லேயர்தானே, எஃப்2 அழுத்திக் கையாலேயே மாற்றிவிடலாம். அந்தக் கோப்பை வேறு வரைபடங்கள் எக்ஸ்ரெஃபாக எடுத்திருந்தால் மட்டும் கவனம். அங்கே ஆஃப், ஃப்ரீஸ், நிறம் என்று செய்துவைத்த மாற்றங்கள் லேயர் பெயரோடு கட்டப்பட்டவை. பெயர் மாறினால் அவை போய்விடும். டெம்ப்ளேட்டிலும் இதே பெயர்களைப் போட்டுவையுங்கள்.

அடுத்தவர் அனுப்பும் 2018 வடிவக் கோப்பை உங்கள் 2013 திறக்காது. அது அடிக்கடி தடையாக இருந்தால் அப்போது சந்தாவைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: லேயரை மவுஸால் இழுத்து மேலே வைத்தால் அது மற்றவற்றை மறைத்து நிற்குமா?

பதில்: இழுக்கவே முடியாது. போட்டோஷாப் பழக்கம் இங்கே செல்லாது. எது எதன் மேல் தெரிய வேண்டும் என்பதற்கு டிராஆர்டர் (DRAWORDER) கமாண்ட் தனியாக இருக்கிறது.