ஏற்காட்டுப் பையனுக்கு வயித்துல டயாலிசிஸ் டியூப்: கேமரா வச்சா, கிழிச்சா?

ஏற்காடு பக்கம் காபி எஸ்டேட்ல இருக்குற ஒரு அம்மா கேட்டிருக்காங்க: 6 வயசுப் பையனுக்கு ரெண்டு கிட்னியும் வேலை செய்யல, வயித்துல டியூப் வச்சு வீட்லயே டயாலிசிஸ் பண்ணலாம்னு சேலத்துல சொல்லிட்டாங்க, சின்ன ஓட்டை போட்டு கேமரால பாத்து வைக்கிற லேப்ராஸ்கோப்பி நல்லதா, இல்ல கிழிச்சு வைக்கிறதே போதுமா?

டியூப் வழியா வயித்துக்குள்ள திரவத்த விட்டு, கழிவோட வெளிய எடுக்குற இந்த வயித்து டயாலிசிஸ் உங்களுக்கு ஏத்த முடிவுதான்மா. ரத்த டயாலிசிஸ்னா பெரும்பாலும் வாரத்துக்கு 3 தடவை அந்த 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி ஏறணும், அப்புறம் பையன் ஸ்கூலுக்கு எப்ப போறது.

தழும்பு சின்னதா இருக்கும்னு மட்டும் பாத்து லேப்ராஸ்கோப்பிய முடிவு பண்ணாதீங்க, முழு மயக்கமும் பொதுவா ரெண்டுக்கும்தான் குடுப்பாங்க. நெசமான லாபம் என்னன்னா உள்ள கண்ணால பாத்து வைக்கலாம். குடல் மேல போர்வை மாதிரி ஒரு கொழுப்புச் சவ்வு தொங்கும், ஓமெண்டம்னு பேரு, சின்னப் புள்ளைங்களுக்கு அது டியூப்ப சுத்திக்கிட்டு ஓட்டைய அடைச்சிடும், திரவம் உள்ள போகும் ஆனா வெளிய வராது. அதனால கொஞ்சம் வெட்டி எடுப்பாங்க, இல்லன்னா மேல தூக்கித் தச்சிடுவாங்க, டியூப் நுனி அடிவயித்துலதான் இருக்கான்னும் பாத்துக்குவாங்க. ஆம்பளப் பசங்களுக்கு கவட்டையில குடலிறக்க ஓட்டை இருந்தா அப்பவே தெரிஞ்சிடும், விட்டுட்டா பின்னாடி திரவம் விதைப்பைக்கு இறங்கி வீங்கும். கிழிச்சு வைக்கிறதுலயும் ஓமெண்டத்த எடுக்கலாம், கை பழகுன டாக்டர்னா அதுவும் நல்லாத்தான் இருக்கும், அதனால “ஓமெண்டத்த என்ன பண்ணுவீங்க, குடலிறக்கம் பாப்பீங்களா”ன்னு கேளுங்க.

டியூப் வெளிய வர்ற இடத்த ஆபரேஷனுக்கு முன்னாடியே ஸ்கூல் பேண்ட்ட போட்டு நிக்க வச்சு, உக்கார வச்சுக் குறிக்கச் சொல்லுங்க. பெல்ட் உரசுற எடமா இருந்தா தெனமும் புண்ணுதான். டியூப் வெளிய வர்ற ஓட்டையோட வாயும் கீழ பாத்தோ பக்கவாட்டுலயோ இருக்கணும், மேல பாத்தா வேர்வையும் அழுக்கும் தேங்கும். மலச்சிக்கல் இருந்தா முன்னாடியே சரி பண்ணிடுங்க, குடல் நெறஞ்சிருந்தா டியூப் நகந்துக்கும்.

அவசரம் இல்லன்னா வச்சு 2 வாரம் கழிச்சு ஆரம்பிக்கிறது நல்லது, சீக்கிரம் ஆரம்பிச்சா ஓரமா ஒழுகும். திரவப் பைய வீட்டுக்கே கொண்டு வந்து தர்றது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல இருக்கு, உங்க பையனுக்குக் கெடைக்குமான்னு ஆரம்ப சுகாதார நிலையத்துல இப்பவே கேட்டு வைங்க.

வயித்துலேர்ந்து வெளிய வர்ற திரவம் நெறஞ்ச பைய அச்சடிச்ச எழுத்து மேல வச்சுப் பாருங்க. கலங்கி எழுத்து தெரியலன்னாலோ, வயித்து வலி காய்ச்சல் வந்தாலோ, மழை பனின்னு காலைல வரைக்கும் பாக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு இறங்கிடுங்க, அந்தப் பையயும் கையோட எடுத்துட்டு வாங்க, டெஸ்ட்டுக்கு அதுதான் வேணும்.